பச்சைச் சளியும் ஊரிலிருந்து வந்த மருந்துப் பெட்டியும்

கேள்வி: மதுரையிலிருந்து வந்து இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வசிக்கிறோம். மகனுக்கு இரண்டே முக்கால் வயது, எடை 12.5 கிலோ. செப்டம்பரில் நர்சரியில் சேர்த்ததிலிருந்து மாதம் இரண்டு முறையாவது சளி, இருமல், காய்ச்சல். மூக்கிலிருந்து பச்சையாக ஒழுகுகிறது. ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) போனால் ஒவ்வொரு முறையும் "வைரஸ்தான், பாராசிட்டமால் போதும்" என்று அனுப்பிவிடுகிறார். என் மாமியார் வரும்போது அமாக்ஸிசிலின் பவுடர் பாட்டில், பாராசிட்டமால் சொட்டு மருந்து, இருமல் சிரப் எல்லாம் வாங்கி வந்திருக்கிறார். நாங்களே ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமா? குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா? இருவரும் வேலைக்குப் போகிறோம், விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது.

பதில்: அந்த அமாக்ஸிசிலின் பாட்டிலைத் திறக்க வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைவு என்று நினைக்கவும் உங்கள் கடிதத்தில் காரணம் எதையும் நான் காணவில்லை.

நர்சரிக்குப் போகத் தொடங்கும் குழந்தைக்கு ஆண்டுக்கு எட்டு முறை, சில குழந்தைகளுக்குப் பன்னிரண்டு முறைகூடச் சளி பிடிக்கும். அவை பன்னிரண்டு மாதங்களுக்கும் சமமாகப் பிரிந்து வருவதில்லை. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஒன்றன்மேல் ஒன்றாக வரும். சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிராக உடல் தயாரானாலும் அடுத்ததற்கு அது முழுக் காவல் ஆகாது. இருமலோ இன்னும் பிடிவாதக்காரன். பாதிக் குழந்தைகளுக்குத்தான் 10 நாட்களில் நிற்கும். பத்தில் ஒன்பது பேருக்கு நிற்க 25 நாட்கள் வரை ஆகும். அதற்குள் அடுத்த சளி வந்துவிடுவதால், ஒரே நோய் ஆறாமல் இழுப்பதுபோலத் தோன்றுகிறது. முதல் குளிர்காலம்தான் மோசமானது. சிறு வயதிலேயே இப்படிக் கூட்டத்தில் இருந்த குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்தில் சளி குறைவாகவே பிடிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தலைக்குக் குளிப்பாட்டியதால்தான் வந்தது என்று வீட்டில் யாராவது உங்களைக் குறை சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பச்சை நிறத்தைப் பார்த்துப் பயப்படுவது ஊரில் எல்லோருக்கும் பழக்கம். ரத்த வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம் அது. வைரஸோடு அவை போராடும்போதும் மூன்றாம், நான்காம் நாளில் சளி பச்சையாகும். நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு செய்ய முடியாது. பாக்டீரியாவைக் கொல்லும் அமாக்ஸிசிலினை வைரஸுக்குக் கொடுத்தால் மிஞ்சுவது வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும்தான். உங்கள் ஜி.பி. சோம்பலில் மறுக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, எடை ஏறாமை, ஆழமான சீழ்க்கட்டிகள், நரம்பு வழியாக மருந்து ஏற்றியே தீர வேண்டிய தொற்றுகள் போன்றவை இருந்தால்தான் எதிர்ப்புச் சக்தியைப் பரிசோதிக்கச் சொல்வேன். டானிக் எதுவும் தேவையில்லை.

எனக்குக் கவலை தருவது அந்தப் பெட்டியிலுள்ள பாராசிட்டமால் சொட்டு மருந்துதான். அங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் சிறு குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். உங்கள் மகனின் வயதுக்கு ஒரு வேளைக்கு 7.5 மில்லி, அதாவது 180 மில்லிகிராம். நம் ஊர்ச் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் குழந்தை அழ, அரைத் தூக்கத்தில் அந்தச் சொட்டு மருந்தை எடுத்து வழக்கம்போல 7.5 மில்லி ஊற்றினால் 750 மில்லிகிராம் உள்ளே போய்விடும். நான்கு மடங்குக்கும் மேல். இப்படி இரண்டு மூன்று வேளை போனால் கல்லீரல் பாழாகலாம். 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் கொண்ட சிரப்பும் ஊரில் உண்டு, அதில் இதே அளவு இரண்டு மடங்காகும். வீட்டில் ஒரே வகைப் பாட்டில் மட்டும் இருக்கட்டும். கொடுத்த நேரத்தைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. நீங்கள் கொடுத்தது தெரியாமல் பாட்டியும் கொடுப்பது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான்.

இருமல் சிரப்பையும் ஒதுக்கிவிடுங்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளைத் தர வேண்டாம் என்று பிரிட்டன் 2009-லேயே சொல்லிவிட்டது. இந்தியாவிலும் சளி சிரப்புகளில் சேர்க்கும் குளோர்பெனிரமின், ஃபீனைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023-இல் உத்தரவு வந்தது. படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுங்கள், ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அது போதும். கற்பூரத்தையும் தைலத்தையும் அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்கவே வேண்டாம்.

காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசையில் காத்திருந்து வாங்கும் பத்து நிமிட ஜி.பி. சந்திப்பில் "ரொம்பக் காய்ச்சல், சாப்பிடவே இல்லை" என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் புரியாது. எந்த நாள் தொடங்கியது, தெர்மாமீட்டரில் அதிகபட்சம் எவ்வளவு, கடைசியாக எப்போது சிறுநீர் போனான், மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கியபின் விளையாடுகிறானா என்று சொல்லுங்கள். மூச்சில் சந்தேகம் இருந்தால் சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வயிறும் தெரிய அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை வாசலை மிதித்ததும் ஓடியாடத் தொடங்கும் குழந்தைகளுக்கு இது பெரிய உதவி.

விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுக்கும்படி மூச்சு வாங்கினாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உதடு நீலமானாலோ, கண்ணாடித் தம்ளரைத் தோல்மேல் வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோன்றினாலோ, முதன்முறையாக வலிப்பு வந்தாலோ அவசர எண் 999-ஐ அழையுங்கள். ஐந்து நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், பன்னிரண்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை போன்றவற்றுக்கு அன்றே ஜி.பி., கிடைக்காவிட்டால் மருத்துவ ஆலோசனை எண் 111. இந்த அறிகுறிகளுக்கு "வைரஸ்தான்" என்ற பதில் வந்தால் ஏற்காதீர்கள், மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. காய்ச்சல் வரும்போதெல்லாம் சோறு இறங்கவில்லையே என்று பாலாகவே கொடுத்துப் பழக்கிவிடுவோம். நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பசியும் குறையும், இரும்புச்சத்தும் குறையும். முகம் வெளிறியிருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அந்த நாட்டுக் குளிர்கால வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்காது, நம் நிறத்துக்கு இன்னும் கடினம். தினமும் 10 மைக்ரோகிராம் கொடுக்க வேண்டும்.

ஃப்ளூ தடுப்பு மருந்தும் அவனுக்கு உண்டு. ஆகஸ்ட் 31 அன்று இரண்டு அல்லது மூன்று வயது நிரம்பியிருந்தால் ஜி.பி.யிடம் இலவசம், மூக்கில் தெளிப்பதுதான். அதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்கிறது. உங்கள் வீட்டு வழக்கத்துக்கு அது ஒத்துவராது என்றால் ஊசி வேண்டும் என்று கேளுங்கள், அதற்கு ஏற்பாடு இருக்கிறது.