பின்னி முடித்த பிறகு: குரோஷா விரிப்புக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "பின்னிவிட்டேன், ஆனால் படத்தில் இருப்பதுபோல் இல்லை." படத்தில் இருப்பது துவைத்து, கஞ்சி போட்டு, குண்டூசி குத்திக் காயவைத்த விரிப்பு. உங்கள் மடியில் இருப்பது இப்போதுதான் குரோஷா கொக்கி ஊசியிலிருந்து இறங்கியது. இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

கே: டீப்பாய்க்கு வட்ட விரிப்பு பின்னினேன். ஐந்தாவது சுற்றிலேயே கிண்ணம்போல் குவிகிறது. கஞ்சி போட்டு இழுத்தால் சரியாகுமா?

லேசாகக் குவிந்தால் ஆகும். நிஜமாகவே கிண்ணமாகிவிட்டால் ஆகாது, பிரித்துவிடுங்கள். நூலை ஒருமுறை சுற்றிப் போடும் நெட்டைக் கண்ணி என்றால், முதல் சுற்றில் 12 கண்ணி, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 12 கூட வேண்டும்: 24, 36, 48. நூல் சுற்றாத குட்டைக் கண்ணிக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் போதும். கூட்டுவது குறைந்தால் குவியும், அதிகமானால் பாவாடைக் கொசுவம்போல் நெளியும். லேஸ் டிசைனில் இடையிடையே வரும் செயின்களும் (சங்கிலிக் கண்ணிகள்) இந்தக் கணக்கில் சேரும். அதில் ஒன்றிரண்டை விட்டிருந்தாலும் குவியும். எண்ணிக்கை சரியாக இருந்தும் குவிகிறதா? உங்கள் கை இறுக்கம். 1.25 மி.மீ. ஊசியை வைத்துவிட்டு 1.5 எடுங்கள். சீரியல் பார்த்துக்கொண்டே பின்னினால் வில்லி வரும் காட்சியில் எல்லாம் கை இறுகிவிடும், இது என் சொந்த அனுபவம்.

கே: இணையத்தில் எடுத்த டிசைனில் 'டபுள் குரோஷே' என்று இருக்கிறது. அம்மா சொல்லித்தந்த டபுள் போட்டால் பாதி உயரம்தான் வருகிறது. யார் தப்பு?

யாரும் இல்லை. அம்மா கற்றது பிரிட்டிஷ் பெயர், டிசைன் அமெரிக்கப் பெயர். அமெரிக்காவில் சிங்கிள் என்பது பிரிட்டனில் டபுள், அமெரிக்காவில் டபுள் என்பது பிரிட்டனில் டிரெபிள். டிசைனில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று கண்ணில் பட்டால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. குறியீட்டுப் படம் கிடைத்தால் இந்தக் குழப்பமே வராது.

கே: விறைப்பாக நிற்க எது நல்லது? சாதம் வடித்த கஞ்சியா, ஜவ்வரிசியா, ஃபெவிகாலா? சர்க்கரைப் பாகு என்றும் சொல்கிறார்களே?

என் ஓட்டு ஜவ்வரிசிக்கு. ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சோற்றுக் கஞ்சியும் பிடிக்கும், ஆனால் சரியாக வடிகட்டாவிட்டால் அடர்நிற நூலில் வெள்ளைத் துகள் ஒட்டிக்கொள்ளும். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து முக்குவது, கூடை, நட்சத்திரம் போன்ற அலங்காரப் பொருள்களுக்கு. மேசை விரிப்பில் வேண்டாம், காய்ந்தபின் துவைத்து எடுப்பது பெரும்பாடு. சர்க்கரைப் பாகு நன்றாகவே விறைக்கும். எறும்புக்கும் அது தெரியும்.

கஞ்சிக்கு முன் மிதமான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். பின்னும்போது பட்ட கை வியர்வையும் அழுக்கும் போக வேண்டும். கஞ்சியில் முக்கியதும் முறுக்கிப் பிழியாமல், துண்டுக்குள் சுருட்டி அழுத்துங்கள். ஒரு தாளில் காம்பஸால் வட்டங்கள் வரைந்து, விரிப்பில் எத்தனை இதழோ அத்தனை பாகமாகப் பிரித்து, அதைத் தெர்மாகோல்மேல் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடுங்கள். இல்லாவிட்டால் கோடு நூலில் ஏறிவிடும். முதலில் நடுவைக் குத்தி, பிறகு எதிரெதிர் முனைகளை: கடிகாரத்தில் 12, 6, அப்புறம் 3, 9. ஒரு பக்கமாகவே குத்திக்கொண்டு போனால் வட்டம் முட்டையாகிவிடும். குண்டூசி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். நான் ஒருமுறை வீட்டில் கிடந்த சாதாரண குண்டூசியைக் குத்தப்போய், வெள்ளை நூலில் 36 துருப் புள்ளிகள். மூன்று வார வேலை. முழுக்கக் காயும்வரை ஊசியை எடுக்காதீர்கள். மழைக்காலமென்றால் மின்விசிறியைப் போட்டுவிடுங்கள், கஞ்சி புளித்த வாடை வராது.

கே: பாட்டி பின்னிய விரிப்பு பெட்டியில் கிடந்து மஞ்சளாகிவிட்டது. பிளீச் செய்யலாமா?

குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம், பழைய பருத்தி நூலை அரித்துவிடும். முதலில் அறுந்த இடங்களைத் தைத்துவிடுங்கள், நனைந்தபின் ஓட்டை பெரிதாகும். பிறகு ஆக்சிஜன் வகைச் சலவைத் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சில மணி நேரம் ஊறவிடுங்கள். தூக்கும்போது நுனியைப் பிடிக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். மறுபடி பெட்டிக்குப் போவதென்றால் கஞ்சியில்லாமல், மடிக்காமல் சுருட்டி வையுங்கள். கஞ்சிக்குப் பூச்சி தேடி வரும், மடிப்பில் நூல் விடும்.

கே: ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் லேஸ் விரிப்பு பின்ன முடியுமா? நாகர்கோவில் லேஸ் அதுதானா?

முடியும். ஜெர்மனியில் ஹெர்பர்ட் நீப்ளிங் இலையும் பூவுமாக அப்படி வடிவமைத்தவை இன்றும் பேசப்படுகின்றன. இருமுனை ஊசிகள் நாலைந்தில், நடுவில் எட்டு கண்ணிபோலத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வளரும். ஓரத்தை முடிக்க மட்டும் குரோஷா ஊசி வேண்டும்: மூன்று கண்ணியைச் சேர்த்து ஒரு குட்டைக் கண்ணி, பிறகு ஏழெட்டு செயின். அந்தச் செயின் வளையம் ஒவ்வொன்றிலும்தான் குண்டூசி விழும்.

நாகர்கோவில் லேஸ் வேறு. 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் அங்கே சொல்லித்தந்தது தலையணை லேஸ். தலையணைமேல் ஊசிகளைக் குத்தி, சின்னக் கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. ஆந்திராவின் நரசாபுரம் லேஸ்தான் நம் குரோஷாவுக்குச் சொந்தம்.