அடிபட்டால் முதல் வேலை ஆஸ்பத்திரி: சட்டக் கேள்வி–பதில்

கேள்வி: இரவு பத்து மணிபோல சிவில் உடையில் வந்த மூன்று பேர் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். "விசாரிச்சிட்டு விடுவம்" என்றார்கள், எந்த ஸ்ரேசன் என்று சொல்லவில்லை. விடியும்வரை பார்த்திருக்கலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: பார்த்திருக்க வேண்டாம். பெயர் "விசாரணை" என்றாலும், அவர் தன்பாட்டில் எழும்பி வீட்டுக்கு வரமுடியாது என்றால் அது கைதுதான். கைது செய்பவர் காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரையும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. பயண நேரம் தவிர்த்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்பது 37ஆம் பிரிவு.

தவறு நடப்பது இந்த 24 மணித்தியாலக் கணக்கில்தான். இரவு பத்துக்குப் பிடித்தவரை மறுநாள் மத்தியானம் பிடித்ததாகப் புத்தகத்தில் பதிந்தால் அரைநாளுக்கு மேல் காணாமல் போய்விடும். அதை முறியடிக்க உங்களிடமும் ஒரு பதிவு இருக்கவேண்டும். உடனே 119க்கு, அதாவது பொலிஸ் அவசர இலக்கத்துக்கு, அழைத்து நேரம், இடம், வாகன இலக்கம் மூன்றையும் சொல்லுங்கள். பிறகு 1996க்கு, அதாவது மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு, அழையுங்கள். உங்கள் தொலைபேசியில் இருக்கும் அழைப்பு விபரம் பின்னர் சாட்சியாகும், அழிக்காதீர்கள். ஸ்ரேசனுக்குத் தனியாகப் போகாமல் இன்னொருவரோடு போங்கள். யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, அவருடைய இலக்கம் என்ன என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். சட்டத்தரணி ஒருவர் கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையம் செல்வதற்கு 2012இல் வர்த்தமானியில் வந்த விதிகள் இருக்கின்றன. "கோட்டுக்கு வந்தாப் பிறகு லோயரைக் கூப்பிடுங்கோ" என்று யாராவது சொன்னால் அது சட்டமல்ல.

பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடித்திருந்தால் கதை வேறு. தடுப்புக் கட்டளையில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கைதையும் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே எந்தச் சட்டத்தில் கைது என்பதையே முதற் கேள்வியாகக் கேளுங்கள். இன்னொன்று: சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்தால் சான்றாகலாம். எத்தனையோ இளைஞர்களின் வருடங்களைத் தின்ற வேறுபாடு இது.

கேள்வி: முறைப்பாடு கொடுக்கப் போனேன். நான் தமிழில் சொன்னேன், அவர் சிங்களத்தில் எழுதிவிட்டு "சைன் பண்ணுங்கோ" என்றார். செய்யலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: விளங்காததில் கையெழுத்து வைக்க வேண்டாம். முதற்தகவலை, சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டவேண்டும் என்கிறது சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு. உத்தியோகத்தருக்கு அந்த மொழி எழுத முடியாவிட்டால், "நீங்களே எழுதித் தாருங்கள்" என்று அவர் உங்களைக் கேட்கவேண்டும். அதுவும் இயலாதபோதுதான் மற்ற மொழியில் எழுதலாம். அப்போதும் காரணத்தைப் பதிந்து, நீங்கள் கேட்டால் உங்களுக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும்.

ஆகவே வீட்டிலேயே தமிழில் இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போவது நல்லது. திகதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் கண்டார்கள் என்பவை போதும். ஊர்ப்பகை, பழைய கதை வேண்டாம். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு வாங்காமல் வெளியே வரவேண்டாம். அந்த இலக்கம் இல்லாவிட்டால் பிறகு "அப்படி ஒரு என்றி இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும்.

கேள்வி: மகனைப் பொலிஸ் நிலையத்தில் வைத்து அடித்துவிட்டு விட்டுவிட்டார்கள். வழக்கும் போடவில்லை. பயத்தில் மூன்று கிழமை பேசாமல் இருந்துவிட்டோம். இனி ஏதும் செய்ய ஏலுமா?
– தாய், வடமராட்சி

பதில்: ஏலும். ஆனால் இந்தக் கிழமைக்குள் இறங்கவேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவைச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும் என்பது 126ஆம் உறுப்புரை. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான அது கொழும்பு புதுக்கடையில். சத்தியக்கடதாசி, ஆவணங்கள், பிரயாணம் எல்லாவற்றுக்கும் நாள் வேண்டும்.

அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. இது 1996 இன் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1)ஆம் பிரிவு. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. இங்கே பலர் சறுக்குகிறார்கள். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு, நேரம் நின்றுவிட்டது என்று நம்பி வீட்டில் இருந்துவிடுவார்கள். முறையிட்டதை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்பதையும் காட்டவேண்டி வரும். முறைப்பாட்டு இலக்கம், வந்த கடிதங்கள், விசாரணைக்கு அழைத்த திகதிகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடுங்கள்.

காயத்தின் சாட்சிதான் இதில் எல்லாம். கண்டல் இரண்டு கிழமையில் மங்கிவிடும்; உள்ளங்காலில் அடித்தது அதற்கும் முதலே தெரியாமல் போகலாம். எனவே மூன்று கிழமை கடந்தாலும் இன்றே அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தழும்பு, நரம்பு நோவு, நித்திரையின்மை, பயம் எல்லாம் பதியப்படலாம். வைத்தியர் "என்ன நடந்தது" என்று கேட்கும்போது சொல்வதுதான் சிகிச்சைக் குறிப்பில் ஏறும். பயத்தில் "சைக்கிளால விழுந்திட்டன்" என்று சொன்ன ஒரே வசனம், பின்னர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் கையில் முதல் ஆயுதமாகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எந்த இடத்தில், எதனால், எத்தனை பேர். காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேளுங்கள். வைத்தியசாலையில் தரும் நோய்க்குறிப்பு அட்டையை (டயக்னோசிஸ் காட்) பத்திரப்படுத்துங்கள்.

அந்த நாட்களில் படம் எடுத்திருந்தால் மூலக்கோப்பு போனிலேயே இருக்கட்டும். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த திகதி விபரம் அழிந்துவிடும். இனி எடுப்பதானால் முகமும் காயமும் சேர்ந்து ஒரு படம், அடிமட்டம் பக்கத்தில் வைத்துக் கிட்ட ஒரு படம்.

ஒரு மாதம் தவறினாலும் கதவு முழுதாகப் பூட்டப்படவில்லை. சித்திரவதைக்கெதிரான 1994 இன் 22ஆம் இலக்கச் சட்டத்தில் அது குற்றம். குறைந்தது 7, கூடியது 10 வருடச் சிறை. அதற்கு இந்த ஒரு மாத வரம்பு இல்லை. ஆனால் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யவேண்டியவர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர், நீங்களாக மேல் நீதிமன்றத்தில் போடமுடியாது. அப்படியான வழக்குகள் மிகக் குறைவாகவே வருகின்றன, அது நியாயமில்லை. ஆனாலும் வராமல் இல்லை. சுன்னாகத்தில் 2011இல் பொலிஸ் காவலில் ஓர் இளைஞரைச் சித்திரவதை செய்த வழக்கில், 2017இல் யாழ். மேல் நீதிமன்றம் பொலிஸ் உத்தியோகத்தர்களுக்குப் பத்து வருடக் கடூழியச் சிறை விதித்தது.

கேள்வி: கடையில் திருடியவனின் சிசிரிவி படம் கிடைத்தது. பேஸ்புக்கில் போட்டோம். ஆளும் பிடிபட்டான். இப்போது லோயர் எங்களைத்தான் பேசுகிறார். ஏன்?
– வியாபாரி, திருநெல்வேலி (யாழ்.)

பதில்: அடையாள அணிவகுப்பு கெட்டுப்போனதால். நீதவான் முன்னிலையில், தோற்றத்தில் ஒத்த பலரோடு சந்தேகநபரை நிறுத்தி, தான் கண்ட ஆளைத் தொடும்படி சாட்சியிடம் சொல்வதுதான் அது. தன் கண்ணால் கண்டவரைத் தொட்டாரா, பேஸ்புக்கில் கண்டவரைத் தொட்டாரா என்று யாரால் சொல்ல முடியும்? படத்தைக் கழற்றிவிட்டு, பதிவை மூலக் கருவியோடு பொலிஸிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிடிபட்டவர் வேறு ஆளாக இருந்தால், அந்தப் படத்தோடு வாழவேண்டியது அவரும் அவருடைய பிள்ளைகளும் என்பதையும் நினையுங்கள்.

கேள்வி: அண்ணா பதினான்கு மாதமாக விளக்கமறியலில். ஒவ்வொரு தவணையிலும் "சட்டமா அதிபரின் ஆலோசனை வரவில்லை" என்கிறார்கள்.
– வாசகி, அரியாலை

பதில்: 1997 இன் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், தண்டனை பெறாதவரை 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. நீடிக்க வேண்டுமானால் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தைக் கேட்டு, ஒரு தடவையில் மூன்று மாதத்துக்கு மேற்படாமல் கட்டளை எடுக்கவேண்டும், எல்லாமாக இன்னும் 12 மாதம் வரை. அப்படி ஒரு கட்டளை இருக்கிறதா? வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் சட்டத்தரணி மூலம் உடனே பிணை கேளுங்கள். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றச்சாட்டென்றால் பிணை மனு மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். பயங்கரவாதத் தடைச்சட்ட வழக்கானால் பிணைச் சட்டம் பொருந்தாது.

கோப்பு எந்தத் திகதியில் பொலிஸிலிருந்து கொழும்பிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போனது என்பதைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் பதில் வரவேண்டும். விசாரணையின் உள்ளடக்கத்தைக் கேட்டால் மறுப்பார்கள். அனுப்பிய திகதி, கடித இலக்கம் இரண்டை மட்டும் கேளுங்கள். பல சமயம் கோப்பு பொலிஸ் நிலையத்தை விட்டே வெளிக்கிட்டிருக்காது. அது எழுத்தில் வந்தால், அடுத்த தவணையில் நீதவானிடம் காட்டச் சொல்லிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.