வரிசையில் தேங்கிய மின்னஞ்சல்கள்

கேள்வி: காவேரிப்பட்டினம் அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் பணிபுரிகிறேன். டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் நிரலை நிறுவி, சில ஆண்டுகளாக நாங்களே மெயில் சர்வர் நடத்துகிறோம். மூன்று நாட்களுக்கு முன் பிராட்பேண்ட் இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம். புதிய நிலையான ஐ.பி. முகவரியை டொமைனின் ஏ பதிவிலும் (பெயருக்கு உரிய ஐ.பி. முகவரியைச் சொல்லும் பதிவு), புதிய டி.என்.எஸ். சர்வர்களின் (பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தருபவை) முகவரிகளை ரிசால்வ்.கான்ஃப் கோப்பிலும் எழுதிவிட்டேன். அலுவலகத்துக்குள் அஞ்சல் உடனே சேர்கிறது. வெளியிலிருந்து வருவது சற்றுத் தாமதமானாலும் வந்துவிடுகிறது. வெளியே போக வேண்டியது ஒன்றுகூட நகரவில்லை. டி.என்.எஸ்.ஸில் பெயரைத் தேடிப் பார்க்கும் டிக் கட்டளைக்கு எல்லா டொமைனும் பதில் தருகிறது. போஸ்ட்ஃபிக்ஸின் நடப்புகள் பதிவாகும் லாக் கோப்பிலோ, பெயரைக் கண்டறிய இயலவில்லை, மீண்டும் முயல்க என்றே வருகிறது. ஏற்றுமதி ஆவணங்கள் தேங்கி நிற்கின்றன. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

— வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வேண்டாம். டிக் கட்டளைக்குப் பதில் கிடைக்கிறது, போஸ்ட்ஃபிக்ஸுக்குக் கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது: இரண்டும் வெவ்வேறு ரிசால்வ்.கான்ஃப் கோப்புகளைப் படிக்கின்றன.

டெபியனின் பல பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் பெரும்பாலான உறுப்புகள் க்ரூட் எனும் அடைப்புக்குள் ஓடுகின்றன. எவரேனும் அந்த நிரல் வழியாக உள்ளே புகுந்தாலும் எஞ்சிய கணினியைத் தொட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. அடைப்புக்குள் இருக்கும் நிரலுக்கு வார் அடைவின் ஸ்பூலுக்குள் உள்ள போஸ்ட்ஃபிக்ஸ் அடைவே முழு வீடு. வெளியே, ரிசால்வ்.கான்ஃப் இருக்கும் ஈடிசி அடைவு அதன் கண்ணில் படாது. எனவே சேவை தொடங்கும்போது ரிசால்வ்.கான்ஃப் உள்ளிட்ட சில கோப்புகள் அந்த அடைவுக்குள் நகலெடுக்கப்படுகின்றன. நீங்கள் திருத்தியது வெளியே உள்ள கோப்பை. உள்ளே இருப்பது மூன்று நாட்களுக்கு முந்தைய நகல். அதில் இருக்கும் பழைய நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர்கள், தம் வாடிக்கையாளர் அல்லாத உங்களுக்கு இப்போது பதில் சொல்வதில்லை. வெளியிலிருந்து வரும் அஞ்சல் தாமதமாவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: இணைப்பவரின் ஐ.பி. முகவரிக்கு உரிய பெயரைத் தேடிக் காத்திருந்துவிட்டுத்தான் போஸ்ட்ஃபிக்ஸ் வாய் திறக்கிறது. லாக்கில் அனுப்பும் சர்வரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்னோன்' (பெயர் தெரியவில்லை) என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இரு கோப்புகளையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டு வேறுபாட்டை உறுதி செய்துகொண்ட பின், போஸ்ட்ஃபிக்ஸை ரீலோடு (அமைப்புகளை மட்டும் மறுபடி படிக்க வைப்பது) செய்யாமல், நிறுத்தித் தொடங்கும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதுதான் புதிய நகல் உள்ளே போகும். அடுத்து 'போஸ்ட்க்யூ மைனஸ் எஃப்' கொடுத்தால் தேங்கியவை உடனே புறப்படும். கொடுக்காவிட்டாலும், இயல்பான அமைப்பில் 300 முதல் 4,000 நொடி இடைவெளியில் அது தானாகவே மறுபடி முயலும். ஆனால் 5 நாள் கடந்தால் அஞ்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். இந்த இதழ் அச்சாகும் முன் அந்தக் கெடு முடிந்துவிடும் என்பதால் உங்களுக்குத் தனியாகவும் பதில் எழுதிவிட்டோம். உங்களுக்கு அஞ்சல் உள்ளே வரும் வழியாவது திறந்திருக்கிறதே! வரிசையைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் 'போஸ்ட்சூப்பர் மைனஸ் டி ஆல்' கொடுத்துவிட வேண்டாம். அது ஆவணங்களோடு சேர்த்து மொத்த வரிசையையும் அழித்துவிடும்.

இதன் பிறகு லாக்கில் வேறு செய்தி வரக்கூடும். இணைப்பு நேரம் கடந்தது என்று வந்தால், சர்வர்கள் தமக்குள் அஞ்சல் அனுப்பப் பயன்படும் 25ஆம் போர்ட்டை (இணைப்பு வாயில்) புதிய நிறுவனம் அடைத்திருக்கலாம். திறந்துவிடக் கேளுங்கள், மறுத்தால், ஏதேனும் ஓர் அஞ்சல் சேவையின் 587ஆம் போர்ட்டை ரிலேஹோஸ்ட்டாக (உங்கள் அஞ்சலை வாங்கி அனுப்பும் இடைச் சர்வர்) அமைத்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அதன் வழியே அனுப்பலாம். 550 போன்ற 5இல் தொடங்கும் எண்ணோடு மறுப்பு வந்தால் அது நிரந்தர மறுப்பு, காத்திருந்து பயனில்லை. ஏ பதிவை மாற்றிய நீங்கள், உங்கள் டொமைன் பெயரில் எந்த ஐ.பி. முகவரிகள் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவைக் குறிப்பிடவில்லை, பழைய ஐ.பி. முகவரி அதில் அப்படியே இருந்தால் உங்கள் அஞ்சலைப் போலி என்று எதிர்முனை கருத இடமுண்டு. புதிய ஐ.பி. முகவரிக்கு உரிய பெயரைச் சொல்லும் பி.டி.ஆர். பதிவும் வேண்டும், அது இல்லாத முகவரியிலிருந்து வரும் அஞ்சலை ஜிமெயில் ஏற்க மறுக்கக்கூடும். அதை அமைக்க உங்களால் இயலாது, இணைப்பு தந்த நிறுவனத்தார்தான் செய்ய வேண்டும். தொலைபேசியில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் உள்ள மெயின்.சிஎஃப் கோப்பில், தாமதத்தை அனுப்பியவருக்கு எச்சரிக்கும் டிலே வார்னிங் டைம் என்பதை 4 மணி நேரமாக வையுங்கள். இயல்பில் அது சுழியமாக இருப்பதால்தான், ஆவணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிய உங்கள் ஊழியர்களுக்கு மூன்று நாளாக எந்த எச்சரிக்கையும் வரவில்லை.