ஊசி வரட்டும், மாத்திரை வரட்டும்: இந்த மாச கேள்வி-பதில்

இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், ஆம்பளைகளுக்கு கர்ப்பத்தடை ஏதோ புதுசா வந்துருச்சாமேன்னு. கையில கெடைச்ச வரிசையிலயே சொல்லிர்றேன்.

ஆண்களுக்கான கர்ப்பத்தடை ஊசி மதுரைல எங்க போடுறாய்ங்க, எம்புட்டு ஆகும்? (திருமங்கலம்)

எங்கயும் போடலை. நீங்க படிச்சது ரிசக், கரக்பூர் ஐஐடி சுஜய் குஹா 1970கள்ல ஆரம்பிச்ச வேலை. விந்துக்குழாய்க்குள்ள ஒரு பாலிமரை ஏத்திவிட்டா அந்த வழியா போற விந்தணு கெட்டுப்போயிரும். ஐசிஎம்ஆர், அதாவது மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு, 300 பேருக்குப் போட்டுப் பாத்த ரிசல்ட் 2023ல வந்துச்சு, 99 சதவீதம் கர்ப்பம் நிக்கலை. நல்ல விஷயம்தான். ஆனா கையில குத்திட்டு கெளம்புற ஊசி இல்ல இது, விதைப்பைல மரத்துப்போக வச்சு குழாயைப் புடிச்சு உள்ள ஏத்தணும். வாசக்டமிக்கு, அதான் ஆம்பளைக கு.க. ஆபரேஷனுக்கு, பயந்து இதைக் கேக்குறீங்கன்னா, படுக்கப்போற டேபிள் ஒண்ணுதான்.

ஜிம்ல டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா குழந்தை நிக்காதுங்கிறாங்க, அதையே வச்சுக்கலாமா? (கே.கே.நகர், வயசு 27)

என்ன மருந்து, என்ன டோஸ், எத்தனை மாசமா போடுறீங்க, ஒண்ணும் எழுதலை, கேள்வி மட்டும் வந்துருச்சு. வெளியில இருந்து ஹார்மோன் வந்தா மூளை விதைக்கு சிக்னல் குடுக்கிறதை நிறுத்திரும், விந்தணு குறையும், அது நெசம். தோள்ல தினம் தடவுற ஒரு ஜெல்லை இதே வழியில சோதிச்சுக்கிட்டு இருக்காங்க, அங்க கூடவே நெஸ்டோரோன்னு இன்னொரு ஹார்மோனும் உண்டு, அளவு உண்டு, விந்தணு எண்ணிப்பாத்துத்தான் அடுத்த படி. ஜிம் ஊசில இது எதுவும் கெடையாது. இன்னைக்கு நிக்காம இருக்கும்னும் நம்ப முடியாது, நாளைக்கு வேணும்னா நிக்கும்னும் நம்ப முடியாது. நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க தம்பி.

ஹார்மோன் இல்லாத மாத்திரை? (அண்ணாநகர்)

ஒய்சிடி-529. வைட்டமின் ஏ வேலை செய்யுற ஒரு வழியை அடைக்கிற மருந்து. 16 பேர்கிட்ட, உடம்புக்கு ஒத்துக்குதான்னு பாத்த ரிசல்ட் 2025ல வந்துச்சு. அந்த ஆய்வு அம்புட்டுத்தான்.

மனைவிக்கு அடுத்த மாசம் ரெண்டாவது பிரசவம். ஆம்பளைகளுக்கு மாத்திரை வர்ற வரைக்கும் அவளுக்கே கு.க. ஆபரேஷன் பண்ணிக்கலாமா? நான் வெயிட் தூக்குற வேலை. (உசிலம்பட்டி)

அதென்னங்க "வர்ற வரைக்கும்"? மாத்திரை வந்த அன்னைக்கு அந்தம்மா வயித்துல வெட்டுனது தானா ஒட்டிக்கிருமா?

போன மாசம் ஒரு லோடுமேன் வந்தாரு, பூ மார்க்கெட்ல மூட்டை தூக்குறவரு. ஆபரேஷன் நீங்க பண்ணிக்கிறீங்களான்னு நான் அவரைப் பாத்துக் கேக்குறேன், பதில் சொல்றது அவங்க அம்மா, "எம்புள்ள ஒழைக்கிறவன் சார்". மருமக மடியில பச்சப்புள்ள, டிரிப்ஸ் ஏத்துன கையில பிளாஸ்டர் கூட இன்னும் பிரிக்கலை. அந்த மருமகதான் வீட்டுக்குப் போயி கொடம் தூக்கப்போகுது. பொம்பளைக்கு வயித்தைத் தொறக்கணும், ஆம்பளைக்கு ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை, தையல் கெடையாது, கால் மணி நேரம். ரெண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் மூட்டை தொடக்கூடாது, அம்புட்டுத்தான். அப்படியும் 2019-21 தேசிய குடும்பநல சர்வேல, நாடு முழுக்க கல்யாணமானவங்கள்ல பொம்பளை ஆபரேஷன் பண்ணிக்கிட்டது 38 சதவீதம், ஆம்பளை பண்ணிக்கிட்டது 0.3. அதே சர்வேல மூணுல ஒரு ஆம்பளை, இது பொம்பளை சமாச்சாரம், எனக்கென்னன்னு சொல்லிருக்கான்.

பயத்துக்கும் காரணம் இல்லாம இல்ல. எமர்ஜென்சில, 1976-77ல மட்டும் 60 லட்சம் வாசக்டமி, நெறைய பேரை மெரட்டி இழுத்துட்டுப் போயி பண்ணுனது, அந்தக் கதையைக் கேட்டு வளந்த வீடுக இன்னும் இருக்கு. ஆனா பல நாட்டுல ஆம்பளைகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு 320 பேர்கிட்ட ஒரு ஆய்வு நடந்துச்சு, மனநிலை கெடுதுன்னு 2011ல நிறுத்துனாங்க, அப்பயும் முக்கால்வாசிப் பேரு இது கெடைச்சா போட்டுக்குவோம்னுதான் சொன்னாங்க. ஆம்பளை ஒத்துக்கவே மாட்டான்கிறது பொய். நம்மூர்ல அவனை வாயைத் தொறக்க விடுறதில்ல, அதுவும் அவனுக்கு வசதியாத்தான் இருக்கு. குழந்தை இனி வேணாம்னு ரெண்டு பேரும் உறுதியா இருந்தா நீங்க வாங்க, உறுதி இல்லைன்னா அந்தம்மாவுக்கும் வேணாம், காப்பர் டி, காண்டம்னு இருங்க.

வாசக்டமி பண்ணுனா "அது" குறையுமா? (செல்லூர்)

குறையாது. ஹார்மோன் ரத்தத்துல போகுது, வெட்டுற குழாய்ல இல்ல. வெளிய வர்ற தண்ணில விந்தணு பங்கு 5 சதவீதத்தைத் தாண்டாது, அளவுல வித்தியாசமே தெரியாது.

ஆபரேஷன் பண்ணி ஒன்றரை மாசம் ஆச்சு, மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. எனக்கு சந்தேகமா இருக்கு. (மேலூர்)

சந்தேகப்படுறதா இருந்தா உங்களைப் படுங்க. குழாய்ல ஏற்கனவே நிக்கிற விந்தணு காலியாக மூணு மாசம் ஆகும், அப்புறம் டெஸ்ட், அதுல ஒண்ணுமில்லன்னு வர்ற வரைக்கும் காண்டம். மாசாமாசம் எழுதுறேன், மூணு மாசம், டெஸ்ட், காண்டம். அந்தம்மாவை ஒரு வார்த்தை பேசிறாதீங்க, நாளைக்கே ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வலிக்குமா? (அலங்காநல்லூர்)

மரத்துப்போற ஊசி சுருக்குன்னு இருக்கும். மாடு புடிக்கிற ஊர்ல இருந்து இந்தக் கேள்வி, பேர் போட வேணாம்னு கோடு வேற போட்டு எழுதிருக்கீங்க. போடலை.