மண்டபம் பாசி வெளுப்பு: வெப்பம்தான் காரணமா?

வணக்கம் சகோதரி. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் மே மாதம் மிதவையில் கட்டிய கடற்பாசி நுனி வெளுத்து உதிர்ந்துவிட்டது, விதை (வளர்க்கக் கட்டும் பாசித் துண்டு) சரியில்லையா, இல்லை உலகம் சூடாவதாலா என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளம், அதாவது கிளை வெளுத்து, மென்மையாகி, ஒடிவது, பெரும்பாலும் 'ஐஸ்-ஐஸ்' நோய். பாசி சூட்டில் தளர்ந்ததும் பாக்டீரியா உள்ளே புகுந்துவிடும். பழைய, ஓய்ந்த விதை சீக்கிரம் விழும். ஆனாலும் பக்கத்து மிதவைகளும் ஒரே வாரத்தில் வெளுத்திருந்தால் விதையை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

உலகம் சூடாவதற்கும் இதில் பங்கு உண்டு. நிலக்கரி, பெட்ரோல் எரித்தும் காட்டை அழித்தும் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கிலிருந்து 420-க்கு மேல் போய்விட்டது. அது பிடித்துவைக்கும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் இறங்குகிறது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல், காற்று நின்ற நாட்களில் சட்டென்று கொதிக்கும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் பவளப்பாறை வெளுத்ததும் இதே சூட்டில்தான். எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டு என்றால் இன்னும் மோசம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: நோய் பிடித்த கொத்தை வெட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள், கடலிலேயே உதறாதீர்கள். நல்ல விதையை நீரோட்டம் உள்ள இடத்துக்கு மாற்றி, மிதவையைக் கொஞ்சம் ஆழமாக இறக்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் புதிதாகக் கட்டவே வேண்டாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. வெளுத்த கொத்தையும் நல்ல கொத்தையும் தனித்தனிப் பையில், கடல்நீரோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அப்புறம், உங்கள் மிதவை தெற்குக் கரையிலா வடக்கிலா என்று எழுதுங்கள்.