பாட்டு கேட்டால் பிபி குறையுமா? ஹை-ரிஸ்க் கர்ப்பத்தில் இசை சிகிச்சை

கேள்வி: எனக்கு 33 வயது. இப்போது 29-வது வாரம். இரண்டு வருடத்துக்கு முன்பு முதல் குழந்தையை 26-வது வாரத்தில் வயிற்றிலேயே இழந்தேன். அப்போதும் பிபிதான் காரணம் என்றார்கள். இந்த முறை 22-வது வாரத்தில் பிபி 150/96 வந்ததால் காலை, இரவு லேபெட்டலால் மாத்திரை எடுக்கிறேன். ஹை-ரிஸ்க் என்று எழுதிக் கொடுத்ததில் இருந்து வீட்டில் என்னைப் படுக்கையை விட்டு எழவே விடுவதில்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. சீமந்தத்தில் வீணை வாசிப்பது சும்மா இல்லை, தினமும் வீணை இசை கேள் என்கிறார் என் மாமியார். ஆன்லைனில் ‘கர்ப்ப இசை சிகிச்சை’ என்று ஒரு வகுப்பு இருக்கிறது. வயிற்றில் கட்டிக்கொள்ளும் ஸ்பீக்கரும் சேர்த்து 6,500 ரூபாய். பிபி இறங்கும், மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாம், குழந்தையும் புத்திசாலியாகப் பிறக்கும் என்கிறார்கள். சேரலாமா டாக்டர்?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: முதலில் மாத்திரை. அதைக் குறைக்காதீர்கள். ஒரு வேளையும் விட வேண்டாம். இசை கேட்ட பிறகு பிபி 126/80 என்று காட்டினாலும் சரி, அந்த முடிவை உங்கள் டாக்டர்தான் எடுக்க வேண்டும். அந்த வகுப்பில் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தால், அந்த ஒரு காரணமே போதும், அதில் சேர வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், முதல் முறை நடந்ததை வைத்துப் பார்க்கும்போது உங்கள் டாக்டர் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பது ப்ரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிபி ஏறி உறுப்புகளையும் பாதிக்கும் நோய், வருகிறதா என்பதைத்தான். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கர்ப்பப்பையின் ரத்தக் குழாய்கள் அகலமாகி நச்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் பாய வேண்டும். சிலருக்கு அது முழுமையாக நடப்பதில்லை. அப்போது நச்சுக்கொடியில் இருந்து வெளியாகும் சில பொருட்கள் தாயின் ரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கின்றன. பிபி ஏறுவது அதன் வெளிப்பாடுதான். நீங்கள் கவலைப்பட்டதால் இது வரவில்லை. முதல் குழந்தை விஷயத்திலும் ‘நான் டென்ஷன் ஆனதால்தானோ’ என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். மனசு காரணமில்லாத ஒன்றை மனசை அமைதிப்படுத்தும் இசையால் குணமாக்கவும் முடியாது.

அப்படியானால் இசையால் பயனே இல்லையா? இருக்கிறது. அந்தப் பயன் உங்களுக்கு.

பயத்தில் இருக்கும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தூக்கம் போகிறது. விருப்பமான, நிதானமான இசையைக் கேட்டபடி படுத்திருந்தால் மூச்சு தானாக நீளும், படபடப்பு அடங்கும். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான தைவான் ஆய்வு ஒன்றில் 236 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் கேட்க இசை கொடுத்தார்கள். கேட்டவர்களிடம் மன அழுத்தமும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 2009-இல் சீனாவில் இருந்து வந்த ஆய்வு. சிக்கலான கர்ப்பம் காரணமாகப் படுக்கையில் இருந்த 120 பெண்களில் ஒரு பிரிவினர் தொடர்ந்து மூன்று நாள், தினம் 30 நிமிடம் இசை கேட்டார்கள். அவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, நாடித் துடிப்பும் பிபியும்கூட ஓரளவு இறங்கின. அந்த நேரத்துக்கான இறக்கம் அது. நோய் நின்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. இசை கேட்டால் குறைப்பிரசவமோ ப்ரீஎக்லாம்ப்சியாவோ தடுக்கப்படும் என்று இந்த ஆய்வுகள் காட்டவில்லை. இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். தான் இசை கேட்கிறோம் என்பது கேட்பவருக்குத் தெரியுமே, அதனால் நம்பிக்கையின் பங்கை இதில் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

2010-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கர்ப்பச் சிக்கலுக்காக வார்டில் சேர்க்கப்பட்டிருந்த 80 பெண்களில் ஒரு பிரிவினருடன் பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் ஒருவர் உட்கார்ந்து இசைப் பயிற்சி செய்தார். இன்னொரு பிரிவினருக்குப் பொழுதுபோக்குச் செயல்கள். ஒரே ஒரு அமர்வுதான். இரண்டு பிரிவிலுமே மன வேதனை குறைந்தது. எனக்கு இதில் தெரிவது, நாள் முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் பெண்ணுக்கு மனசை வைக்க ஓர் இடமும் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும் என்பது. இசை அதற்கு நல்ல வழி, ஆனால் அது மட்டுமே வழி இல்லை. பூ கட்டுவது, கோலப் புள்ளி போட்டுப் பார்ப்பது, அம்மாவிடம் போனில் அரட்டை எல்லாமே கணக்கில் சேரும்.

எந்த இசை? உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பழமை உண்டு. சீமந்தச் சடங்கில் வீணை வாசிக்கச் சொல்லும் குறிப்பு வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பழைய கிருஹ்ய சூத்திர நூல்களிலேயே இருக்கிறது. வீணை பிடித்தால் தாராளமாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் கட்டாயமில்லை. இன்ன ராகம் பிபியைக் குறைக்கும், இன்ன ராகம் சர்க்கரையைக் குறைக்கும் என்று சுற்றி வரும் பட்டியல்களுக்கு நம்பகமான சான்று கிடையாது. பள்ளி நாளில் கேட்ட சினிமாப் பாட்டு உங்களுக்கு நிம்மதி தருமானால் அதுதான் உங்களுக்கான இசை. தாளம் நிதானமாக இருப்பது நல்லது.

ஒரு விஷயத்தை மட்டும் மெதுவாகச் சொல்கிறேன். இந்த மாதிரி தொகுப்புகளில் தாலாட்டு நிறைய இருக்கும். ஒரு குழந்தையை இழந்த தாய்க்குத் தாலாட்டு சில சமயம் ஆறுதலாக இருக்காது, புண்ணைக் கிளறிவிடும். கேட்டதும் தொண்டை அடைத்தால், ‘குழந்தைக்கு நல்லது’ என்று யார் சொன்னாலும் நிறுத்திவிடுங்கள். அழுகை வந்தால் அழலாம், அதனால் வயிற்றுக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. தூக்கமின்மையும் துக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்தால் அதை உங்கள் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மன நலத்துக்கான அரசின் இலவச எண் 14416-இலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள். பாட்டால் சமாளிக்க வேண்டிய விஷயம் இல்லை அது.

சரி, வயிற்றில் கட்டும் ஸ்பீக்கர். வேண்டாம். இந்த வாரத்தில் உங்கள் குழந்தைக்குக் காது கேட்கும். உங்கள் பேச்சும் இதயத் துடிப்பும் ரத்த ஓட்டத்தின் சத்தமும் ஏற்கெனவே அதற்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. வெளிச்சத்தங்களும் அடக்கமாகப் போய்ச் சேரும். ஸ்பீக்கரை வயிற்றோடு ஒட்டி வைத்தால் அந்த இயற்கையான அடக்கம் குறைந்துவிடுகிறது. உள்ளே எவ்வளவு சத்தம் போகிறது என்று நமக்குத் தெரியாது, குழந்தையால் அதை நிறுத்தவும் முடியாது. தூங்கும் குழந்தையை எழுப்பிக்கொண்டிருப்போம். நீங்கள் கேட்கும்போது அறையில் சாதாரணப் பேச்சு அளவுக்கு ஒலி இருந்தால் போதும்.

புத்திசாலிக் குழந்தை என்ற பேச்சு 1993-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் இருந்து கிளம்பியது. மோட்சார்ட் இசை கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒரு வகைப் புதிர்த் தேர்வில் சுமார் கால் மணி நேரத்துக்குச் சற்றுச் சிறப்பாகச் செய்தார்கள். அவ்வளவுதான். வயிற்றுக் குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரவு படுக்கும் முன் 20, 30 நிமிடம் ஒதுக்குங்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, போனைத் தள்ளி வைத்து, நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கூடவே முணுமுணுத்தால் இன்னும் நல்லது, மூச்சு தானாக நீளமாக வெளியே போகும். பிபி பார்க்கும் நேரத்தையும் முறையையும் மட்டும் இதற்காக மாற்றாதீர்கள். இசை கேட்டு முடித்ததும் வரும் நல்ல எண்ணை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு போனால், மற்ற நேரத்தில் ஏறியிருப்பது உங்கள் டாக்டருக்குத் தெரியாமலே போய்விடும்.

குழந்தையின் அசைவு குறைந்தது போல இருந்தால் பாட்டுப் போட்டு எழுப்பிப் பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இது ஆபத்து. சத்தத்துக்கு ஒரு முறை துள்ளியது என்று நிம்மதியாகி, போக வேண்டிய நேரத்தைத் தவறவிடுவீர்கள். இடப்பக்கம் படுத்துக் கவனியுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லை என்றால், அல்லது வழக்கம் போல இல்லையே என்று மனசுக்குப் பட்டாலே, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, முகம் திடீரென்று வீங்குவது, மூச்சுத் திணறல், ரத்தப்போக்கு, பிபி 160/110-ஐத் தொடுவது, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் பிரசவ அவசர சிகிச்சை தரும் சீமாங் மையம் உங்களுக்குப் பக்கத்தில் எது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், படுக்கையை விட்டு எழக்கூடாது என்று உங்கள் டாக்டர் சொன்னாரா, வீட்டில் சொல்கிறார்களா? முழு நேரப் படுக்கை ஓய்வு ப்ரீஎக்லாம்ப்சியாவைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. மாறாக, காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். எவ்வளவு நடக்கலாம் என்று அடுத்த செக்கப்பில் கேளுங்கள், மாமியாரையும் கூட்டிப் போய் அவர் காதுபடக் கேளுங்கள்.

அந்த 6,500 ரூபாயைச் செலவழித்தே ஆக வேண்டும் என்றால், அதில் ஒரு பகுதிக்கு மேல்கையில் கட்டும் நல்ல டிஜிட்டல் பிபி மெஷின் வந்துவிடும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்தும் பட்டையாகப் பார்த்து வாங்கி, அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போய் அங்கே இருக்கும் கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.