சாய்ந்த தக்காளி நாற்றும் அம்மாவின் அவரை விதையும்

கேள்வி: அம்மா படுக்கையில் இருந்த மூன்று வருஷமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். மணிக்கொரு வேலை இருந்தது. அவர் போய் ஐந்து மாதம் ஆகிறது. கை சும்மா இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. தோட்டத்து மண்ணை ஒரு தட்டில் நிரப்பி, தக்காளி விதைப் பொட்டலத்தை முழுசாக விதைத்தேன். அழகாக முளைத்து, ஒரே வாரத்தில் அத்தனையும் சாய்ந்து செத்துவிட்டன. எனக்குக் கைராசி இல்லையோ? அம்மா துணியில் முடிந்து வைத்த கொடி அவரை விதை கொஞ்சம் இருக்கிறது. நான்கு வருஷப் பழசு. அதையும் பாழாக்கிவிடுவேனோ என்று தொடவே பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: சகோதரிக்கு,

கைராசியை விடுங்கள். செத்த நாற்று ஒன்றைப் பிடுங்கி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நூல்போல இளைத்துப் பழுப்பாக இருந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண் கிருமிகளின் வேலை. இவை சாதாரணத் தோட்டத்து மண்ணிலேயே இருப்பவை. ஈரம் வடியாமல், காற்றோட்டம் இல்லாமல், நாற்றுகள் நெருக்கியடித்து நின்றால் ஒரே இரவில் தட்டு முழுக்கப் பரவும். சாய்ந்த நாற்றைப் பிழைக்க வைக்க வழியில்லை.

எத்தனை முறை தண்ணீர் தெளித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நாளுக்கு நாலைந்து முறை இருக்கும் என்பது எங்கள் ஊகம். மூன்று வருஷம் மணிக்கொருமுறை எழுந்து பார்த்த கை அல்லவா, தட்டின் பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது செய்யத்தான் தோன்றும். நோயாளிக்கு அது தேவைப்பட்டது. முளைத்த விதைக்குத் தேவை வெளிச்சமும் காற்றும், நடுநடுவே மண் கொஞ்சம் காய்வதும்தான்.

அந்த மண்ணை நாற்றுக்கு மறுபடி எடுக்காதீர்கள். தட்டை சோப்பு போட்டுக் கழுவி, நல்ல வெயிலில் காய வையுங்கள். அடியில் ஓட்டையுள்ள குழித்தட்டாக இருந்தால் நல்லது. ஒரு குழியில் அழுகல் வந்தாலும் அடுத்த குழிக்குச் சட்டென்று தாவாது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு போதும். கோகோபீட்டில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துகொள்ளுங்கள். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம்.

தக்காளி விதைக்கு அரை சென்டிமீட்டர் ஆழம். முளைக்கும்வரை மூடி வைக்கலாம். சூடான பருவத்தில் ஆறு முதல் பத்து நாள் ஆகும். முதல் முளை வளைந்து தலை தூக்கிய அன்றே மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிச்சம் தேடி நீண்டு, வெளுத்து, தன் தலையையே தாங்காமல் வளையும்.

இனி மேலிருந்து தெளிக்கவே வேண்டாம். தட்டைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அன்று தண்ணீர் இல்லை. லேசாகிவிட்டால், இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் தாம்பாளத்தில் கால் மணி நேரம் வைத்து எடுத்து, மிச்சத்தை வடித்துவிடுங்கள். வேர் கீழிருந்து குடிக்கும், தண்டின் அடி காய்ந்தே இருக்கும்.

அப்படியானால் கை என்ன செய்வது? நாற்றைத் தடவிக் கொடுக்கலாம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தினமும் ஒருமுறை, இலை உலர்ந்திருக்கும்போது, உள்ளங்கையால் நுனிகளை மெல்ல ஒரு பத்துத் தரம் வருடினால் தக்காளி நாற்று குட்டையாக, தடித்த தண்டோடு வளரும். காற்றில் ஆடும் செடி உறுதிப்படுவது மாதிரிதான். ஈர இலையை மட்டும் தொடாதீர்கள், நோய் பரவும்.

இன்னொன்று, பொட்டலத்தை ஒரே நாளில் கொட்டாதீர்கள். பத்து நாளுக்கு ஆறு விதை போதும். ஒரு தொகுதி போனாலும் அடுத்தது வந்துகொண்டிருக்கும். முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு வித்திலைகளுக்குப் பிறகு வரும் உண்மையான இலைகள் நான்கு ஆனதும் தொட்டிக்கு மாற்றலாம். முந்தைய ஒரு வாரம் வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். மாற்றும்போது இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டை அல்ல. இலை கிழிந்தால் வேறு வரும், தண்டு நசுங்கினால் செடியே போயிற்று. தக்காளியை வித்திலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும்.

அவரைக்கு வருவோம். முதலில் எண்ணுங்கள். வண்டு துளைத்த ஓட்டை விதைகளைத் தனியே பிரித்துவிட்டு, நல்லதில் பத்தை மட்டும் எடுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். பழைய விதை தண்ணீரை வேகமாக இழுத்தால் உள்ளே பருப்பு வெடித்துவிடும். முளைக்க வேண்டிய விதையும் அழுகும். பிழிந்த ஈரத்துணியில் சுருட்டி, காற்றுப் போகும் டப்பாவில் வையுங்கள். நாலாம் நாளிலிருந்து பாருங்கள், பத்து நாள் வரை பொறுங்கள். ஏழு எட்டு முளைத்தால் விதை நன்றாகவே இருக்கிறது. மூன்றுதான் முளைத்தது என்றால் அந்த மூன்றே போதும், ஒரு கொடியிலிருந்து கைநிறைய விதை எடுக்கலாம். முளைத்ததை வேர் கீழ்நோக்க இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டுவிடுங்கள், எதுவும் வீணாகாது. மிச்ச முடிச்சைத் தொடாமல் வையுங்கள். பயத்துக்கு அதுதான் மருந்து.

பழைய கொடி அவரை ரகங்கள் பெரும்பாலும் பகல் பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கும். முன்கூட்டியே நட்டால் மாதக்கணக்கில் இலையாகவே படரும். அதைப் பார்த்து மறுபடி கைராசியைக் குறை சொல்லாதீர்கள், உரத்தையும் கொட்டாதீர்கள்.

தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்கில் சரியில்லை என்றால் செடியை நம்பிக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

காய்க்கத் தொடங்கியதும் நல்ல கொடியில் பத்துக் காயைப் பறிக்காமல் விடுங்கள். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் அம்மாவின் ரகம் ஏறக்குறைய அப்படியே வரும். தோல் காய்ந்து, ஆட்டினால் சலசலக்கும்போது பறித்து, உரித்து, நிழலில் பத்து நாள் உலர்த்துங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் பதியக் கூடாது. பிறகு காற்றுப் புகாத டப்பாவில் நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்தால் வண்டின் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். பழைய முடிச்சோடு கலக்காமல், வருஷத்தை எழுதித் தனியே முடிந்து வையுங்கள்.